வெந்நீர் அத்தையின் இருபது நிமிஷம்

அப்பாவின் அக்காவை வெந்நீர் அத்தை என்றால்தான் எங்கள் வீட்டில் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி வேகவைத்தவள். அப்போதெல்லாம் கண்ணாடி ஊசி. ஒருவருக்குப் போட்டதைக் கழுவி, மூடி போட்ட பெட்டியில் இருபது நிமிஷம் கொதிக்கவிட்டுத்தான் அடுத்தவருக்கு. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சோப்பு எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பாள்.

எனக்கு ஆறு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து, மூச்சு விசில் அடித்தது. சைக்கிள் கடையை அப்படியே போட்டுவிட்டு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அத்தையின் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் மருந்தை எடுத்தார். வெந்த ஊசி தட்டில் தயாராக இருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அப்பா அதைக் கிரீஸ் கையால் எடுத்து நீட்டினார்.

அத்தை அதைப் பிடுங்கி மறுபடி தண்ணீரில் போட்டாள்.

“வேற ஊசி இல்லையா?” என்றார் அப்பா.

“எல்லாம் வார்டுல போட்டுக்கிட்டிருக்கு. எதை எடுத்தாலும் இருபது நிமிஷம்.”

“அக்கா, புள்ள மூச்சுக்குத் தவிக்கிறான். உனக்கு வெந்நீர் பெரிசா?”

“உன் கையில இருக்கற கிருமி ரத்தத்துல ஏறினா, தொண்டை பொழச்சும் புண்ணியமில்ல. அப்புறமா திட்டு. இப்ப உக்காரு.”

டாக்டர் என் தொண்டையை இன்னொரு தடவை பார்த்தார். “தாங்குவான். கொதிக்கட்டும்” என்றார்.

அத்தை அடுப்பை விட்டு நகரவில்லை.

“டேய், நம்ம சொந்தக்காரங்களை மூத்தவங்கள்லேருந்து வரிசையா சொல்லு.”

அப்பா அழுதுகொண்டே ஆரம்பித்தார். பெரிய பெரியப்பா, அவர் மூத்த மகள், அவளைக் கட்டிக்கொடுத்த இடம்... பாதியில் நின்றார். “அந்தச் சின்ன சித்தப்பனையும் சேக்கணுமா?”

“சேத்துக்கோ. அவர் பேச்சை எடுத்தா அஞ்சு நிமிஷம் தானா ஓடிடும்.”

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சித்தப்பாவைத் திட்டித் தீர்த்து, ஒன்றுவிட்ட மச்சான்களுக்கு வந்தபோது அத்தை பெட்டியைத் திறந்தாள்.

பிழைத்தேன். தங்கைகளை அத்தை என் பக்கமே விடவில்லை. நான் குடித்த டம்ளரும் ஊசியோடு கொதித்தது. அதற்கப்புறம் அப்பா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

இப்போது உறையைக் கிழித்தால் புது ஊசி. நல்லதுதான், அத்தை பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள். முழங்கால் வலிக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம், அன்று காதில் விழுந்த வரிசையை மனசுக்குள் தொடங்குகிறேன். பெரிய பெரியப்பாவைத் தாண்டுவதற்குள், “முடிஞ்சுது தாத்தா, எந்திரிங்க” என்கிறாள் நர்ஸ்.

அத்தை வரைக்கும் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.