பின்சீட்டில் இடது பக்கம்

அந்தக் காரைப் பலராமனுக்கும் பிடிக்கவில்லை, அதை ஓட்டிய சாமிக்கண்ணுவுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் காரணம் ஆளுக்கொன்று.

பலராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். பாரீசில் இருக்கும் மகன் 2008-ல் லீவுக்கு வந்தபோது, ஊரில் யாரிடமும் இல்லாத காராக அப்பாவுக்கு வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஓடத் தொடங்கும். மகன் விமானம் ஏறிய மறுநாளே பலராமன் ஆரம்பித்துவிட்டார். சீட்டு பள்ளத்தில் இருக்கிறது, உட்கார்ந்தால் முட்டி மோவாயை இடிக்கிறது. பேட்டரியைப் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டதால் டிக்கியில் ஓர் அரிசி மூட்டை கொள்ளவில்லை.

"மோன் தியே, கடவுளே! இவ்ளோ வெல குடுத்தும் தரையில உக்காந்து போற மாதிரி இருக்குது சாமிக்கண்ணு."

"ஆமாங்க முசியே" என்பார் சாமிக்கண்ணு. மனசு அதில் இருக்காது. அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் நின்றதும் அவருக்குக் குரல் கேட்டது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சாமிக்கண்ணு மில் தொழிலாளி. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? பழகிய குரல் ஒன்று மட்டும் எந்த இரைச்சலையும் தாண்டி வந்துவிடும். அம்மாவாசையின் குரல் அப்படிப்பட்டது. அவன் தறி சாமிக்கண்ணுவுக்குப் பின்னால், இடது பக்கம். "சாமீ!" என்று கூப்பிடுவான். திரும்பினால் ஒன்றும் தெரியாதவன்போல நூலை முடிந்துகொண்டிருப்பான். ஒரு ஷிப்டில் பத்துத் தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

அன்று காலையிலேயே நான்கு தடவை ஏமாந்தாயிற்று. ஐந்தாவது தடவை அவன் கூப்பிட்டபோது, இனி உன்னிடம் அகப்படுவேனா என்று சாமிக்கண்ணு தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை கொஞ்சம் இழுத்து. அப்போதும் திரும்பவில்லை. அந்த வரிசையை நிறுத்தும் சுவிட்சு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வேறு யாரோ ஓடிவந்து அதைத் தட்டினார்கள். தறிகள் எல்லாம் நின்றன. பட்டப்பகலில் அந்தக் கொட்டகையில் அப்படியோர் அமைதியை அவர் கேட்டதே இல்லை. திரும்பினார். அம்மாவாசை கழுத்தில் போட்டிருந்த துண்டு பெல்ட்டில் சுற்றியிருந்தது.

"கூப்பிட்டானாடா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இந்தச் சத்தத்துல என்னாத்த கேக்கறது?" என்றார் சாமிக்கண்ணு. அதை நம்பாதவர் ஒருவருமில்லை. அம்மாவாசையின் மனைவி கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார்: "கூப்பிடக்கூட நேரமில்ல அண்ணி. வலியே தெரியாம போயிட்டான்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கன்னியம்மாள் எழுந்து நடமாடினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார். சாமிக்கண்ணு மில்லை விட்டார். லாரி, டெம்போ, கிழட்டு டீசல் அம்பாசடர் என்று காலுக்குக் கீழே ஏதாவது கடகடத்துக்கொண்டே இருக்கும் வண்டிகளாகப் பார்த்து ஓட்டினார். கடகடப்பு இருக்கும்வரை குரல் கிட்டே வரவில்லை.

கன்னியம்மாள் பலராமன் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தார். புதுக் காருக்கு டிரைவர் தேடியபோது, "எங்க வூட்டுக்காரரு கூடவே இருந்த தம்பி, தங்கமான மனுசன்" என்று சாமிக்கண்ணுவுக்காகப் பேசியதும் அவர்தான். தினமும் காலையில் காரைத் துடைத்து முடிக்கும்போது காபி கொண்டுவந்து வைப்பார். சாமிக்கண்ணு ஒரு நாளும் அதை நிம்மதியாகக் குடித்ததில்லை.

முதல் நாள் நெல்லித்தோப்பு சிக்னலில் இன்ஜின் அணைந்ததும் பின்சீட்டின் இடது பக்கத்திலிருந்து "சாமீ" என்றது. பலராமன் வலது பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாமிக்கண்ணுவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பத்து நாள் செத்துப் பிழைத்த பிறகு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஏசியைக் கடைசிவரை திருகி வைத்தால் எங்கே நின்றாலும் இன்ஜின் அணைவதில்லை. அப்படியே வைத்தார். பலராமன் சித்திரை மாத வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு போனார். அவருடைய குறைப் பட்டியலில் இரண்டு புதுக் குறைகள் சேர்ந்தன: ஏசி எலும்பைத் துளைக்கிறது, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

ஒரு நாள் ரெட்டியார்பாளையம் சர்வீஸ் சென்டருக்கு இந்தக் காரை வாங்கியவர்களை எல்லாம் குறை கேட்க அழைத்தார்கள். 'எல்லாம்' என்றால் மூன்று பேர். டாக்டரம்மா ஒருவர், சிக்னலில் நின்றால் ஏசியில் வெந்நீர் ஆவி வருகிறது என்றார். சாராயக்கடை முதலாளி டிக்கியைத் திறந்து காட்டிச் சண்டை பிடித்தார். பலராமன் தன் மைலேஜைச் சொன்னதும் சென்னையிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர் வெற்றிச்செல்வன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஓட்டறவரு நீங்கதானே? உங்களுக்கு எதாவது குறை இருக்கா?"

இத்தனை நாளில் சாமிக்கண்ணுவைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் தன்னை மீறிப் பேசிவிட்டது.

"இன்ஜின் நின்னா சத்தம் கேக்குது சார். பின்னால, இடது பக்கம்."

இன்ஜினியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காரை எடுக்கச் சொல்லி, பின்சீட்டின் இடது பக்கம் போய் உட்கார்ந்தான். ஏசி திருகப்பட்டிருந்ததைப் பார்த்து, "இப்படி வெச்சா இன்ஜின் எப்படி நிக்கும்? மைலேஜ் எப்படி வரும்?" என்று முன்னால் எட்டிக் குறைத்து வைத்தான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் இன்ஜின் நின்றது.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது சார்."

இன்ஜினியர் கதவில் காதை வைத்தான், குனிந்து சீட்டுக்கு அடியில் கேட்டான். பாவம், மனதாரத் தேடினான். 'சத்தம் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக்கொண்டான். ஏசி விஷயத்தைப் பலராமனிடம் சொல்லிவிட்டும் போனான்.

"என்னைப் பனிக்கட்டி ஆக்கினது நீதானா?" பலராமனுக்கு மீசை துடித்தது. "இன்னொரு தடவ இப்படிச் செஞ்சேன்னா வேற டிரைவர் பாத்துக்குவேன்."

அடுத்த வாரம் கன்னியம்மாளுக்குத் தவளக்குப்பத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். காரிலேயே கூட்டிப் போய் வரச்சொன்னார் பலராமன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மதியம் ஒற்றைக் கண்ணில் கட்டோடு வந்த கன்னியம்மாள், பின்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பலராமன் இல்லை, கேட்க ஆளில்லை. சாமிக்கண்ணு ஏசியை முழுவதும் திருகினார்.

முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, குளுருது. அந்த ஏசியக் கொஞ்சம் கொறையேன்."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. ஆபரேஷன் செய்த உடம்பு. சாமிக்கண்ணு குறைத்தார். இன்ஜின் அணைந்தது.

"சாமீ."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் வந்தது, இழுத்து. அன்று திரும்பாத தலை இன்று திரும்பிவிட்டது. அங்கே கன்னியம்மாள் கட்டில்லாத கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்பிடி வேர்த்திருக்குது?"

"அண்ணி, அவன் கூப்பிட்டான்."

"யாரு?"

"அம்மாவாச. அன்னைக்கி ரெண்டு வாட்டி கூப்பிட்டான். வெளையாடறான்னு நெனச்சி நான் திரும்பல. கூப்பிடலன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இன்னும் கூப்பிட்டுகினே இருக்கான் அண்ணி. வண்டி நின்னா கேக்குது."

ரயில் வந்து போயிற்று. கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கன்னியம்மாள், "ஓரமா நிறுத்து" என்றார். இறங்கி நடந்தே போய்விடப் போகிறார் என்று சாமிக்கண்ணு நினைத்தார். அவர் இறங்கவில்லை.

"நீ திரும்பியிருக்கணும்."

"ஆமா அண்ணி."

"மொத வாட்டியே திரும்பியிருக்கணும் தம்பி."

"ஆமா."

கன்னியம்மாள் வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு கொரலேதான் கேக்குதா?" என்றார்.

"அவன் கொரலேதான்."

"முகம் போட்டாவுல இருக்குது. கொரலு எனக்கு மறந்தே போச்சு. எவ்ளோ நெனச்சிப் பாத்தாலும் வரல." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "இன்ஜின முழுசா அணை. நானும் கேக்கறேன்."

சாவியைத் திருகி அணைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். சாமிக்கண்ணுவுக்குக் கேட்டது. கன்னியம்மாள் தலையை ஆட்டினார்.

"எனக்குக் கேக்கல. நீ கூப்பிட்டுக் காட்டு. அவரு எப்பிடிக் கூப்பிட்டாரோ அப்பிடியே."

முடியாது என்று சொல்லச் சாமிக்கண்ணுவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவாசையைப் போலவே, தன் பெயரைத் தானே கூப்பிட்டார்.

"சாமீ."

"ரெண்டாவது வாட்டி இழுத்துக் கூப்பிட்டாருன்னியே, அது."

"சாமீ..."

கன்னியம்மாள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா" என்றார். "அவருதான். இன்னொரு வாட்டி கூப்பிடு."

சாமிக்கண்ணு கூப்பிட்டார்.