பாட்டிலில் எழுதாத நேரம்

எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்த வருடம், ஆராய்ச்சிக்காக அங்கே தண்ணீர் எடுத்தேன். படகோட்டி ஏகாம்பரம் அண்ணன் கூலியே வாங்கவில்லை. "நீ எழுதினா மீனு ஏன் சாவுதுன்னு நாலு பேருக்குத் தெரியும்மா" என்பார். துடுப்புப் போட்டபடியே, "தண்ணி ஏறிகினு கீது", "வத்திகினு கீது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் பாட்டிலில் தேதியை மட்டும் எழுதினேன்.

கட்டுரையின் முன்னுரைக்கே மூன்று மாதம் மெனக்கெட்டேன். ஆய்விதழ் ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பியது: தண்ணீர் எடுத்தபோது கடல் ஏற்றமா, வற்றமா? கடல்நீர் உள்ளே ஏறினால் ஆலைக் கழிவின் அளவு குறைவாகக் காட்டும். எடுத்த நேரம் என்னிடம் இல்லை.

அண்ணனிடம் ஓடினேன். "அப்பவே சொல்லிகினு இருந்தேனேம்மா, நீ எழுதிக்கலியா?" என்றார். மறுபடி எடுக்கலாமென்றால், அதற்குள் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் உள்ளே வரவேயில்லை. அந்தக் கட்டுரையும் அச்சில் வரவில்லை.

இப்போது பாட்டிலை முக்குவதற்கு முன்பே நேரத்தையும், படகோட்டி சொல்வதையும் எழுதிவிடுகிறேன். கட்டுரையிலும் அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

அண்ணன் வலையை விற்றுவிட்டு மணலியில் லாரி கழுவுகிறார். முன்பெல்லாம் பார்த்தால், "புக்குல வந்துட்சாம்மா?" என்று கேட்பார். போன வாரம் டோல்கேட்டில் பார்த்தேன். கேட்கவில்லை.

– ஒரு வாசகி, திருவொற்றியூர்