ரேமுக்கு வைத்த சந்தனம்

கனடாவில் இருக்கும் என் தம்பியும் நானும் இரண்டு வருடமாகப் போனில் பேசுவதில்லை. சுடுவது மட்டும் சேர்ந்துதான். ஞாயிறு சாயங்காலம் நான் ஸ்ரீரங்கத்தில் ஹெட்போனை மாட்டுவேன், அவன் அங்கே காலைக் காபியோடு கேமில் நுழைவான். "இடது பக்கம் பாரு", "மாடியில ஒருத்தன்", இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தங்கை கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் விட்டுப்போன கோபம். பிரஸ்காரன் தப்பு என்று நூறு தடவை சொல்லியாயிற்று. நம்பினால்தானே.

ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிறு, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் திரை நீலமானது. ஒரு சோக முகம், அதன் கீழே கம்ப்யூட்டர் ஏதோ சிக்கலில் இருப்பதாக அறிவிப்பு. அடுத்த இரண்டு ஞாயிறும் அதே கதை. தம்பி என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறான்.

"அண்ணா வேணும்னேதான் பாதியில ஓடறாரான்னு கேக்கறாரு. அப்படின்னா இனிமே வரலையாம்" என்றாள்.

அவன் குரல் கேட்க இருந்த ஒரே வழி அது. உடனே விசாரணைக் கமிஷன் வைத்தேன். முதல் குற்றவாளி மனைவியின் மிக்ஸி. அது ஓடினால் கரண்ட் இறங்குகிறது என்று தீர்ப்பு எழுதி, ஞாயிற்றுக்கிழமைச் சட்னிக்குத் தடை போட்டேன். டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன். விண்டோஸையே அழித்து மறுபடி போட்டேன். நீலம் மசியவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு, மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள ஒரு சர்வீஸ் கடைக்கு நானும் மனைவியும் ஆட்டோவில் போனோம். கடைக்காரர் மூடியைக் கழற்றி, ரேம் என்கிற மெமரிப் பட்டையைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"சார், சந்தனம்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் கேபினட் மேலதான் வெச்சேன். உள்ள இருக்கறதுதான் உழைக்குதுன்னு ஒண்ணொண்ணா கழட்டிப் பொட்டு வெச்சது யாரு?"

நான்தான். தண்ணியாகக் குழைத்தது வழிந்து, ரேமின் தங்கநிறப் பற்களில் காய்ந்திருந்தது. கடைக்காரர் பென்சில் ரப்பரால் தேய்த்து எடுத்தார். "அடுத்த வருஷம் தூரத்துல நின்னு சூடம் மட்டும் காட்டுங்க சார்" என்றார்.

அந்த ஞாயிறு தம்பி வந்தான். "என்னதான் பிரச்சினை?" என்றான், இதுவே கடைசி என்கிற குரலில்.

ரேம் மட்டமான சரக்கு என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது.

"ரேம்ல சந்தனம் வெச்சுட்டேன். நான்தான்" என்றேன். அதோடு வாய் நிற்கவில்லை. "அந்தப் பத்திரிகை ப்ரூஃபையும் நான்தான் பாத்தேன். உன் பேர் இல்லாததை நான்தான் கவனிக்கலை. மன்னிச்சுடு."

அவன் துப்பாக்கிச் சத்தம் நின்றது. திரை நீலமானால் தேவலை என்று அன்றுதான் நினைத்தேன்.

"அப்பவே தெரியும்ணா. நீ சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

எதிரிகள் வந்து, நின்ற இடத்திலேயே எங்கள் இருவரையும் சுட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.