மண்டலக் கணக்குக்கு அடங்காத மருந்து

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதக் காலையில்தான் என் நாத்தனாரை நான் சரியாகப் பார்த்தேன். கல்யாணமாகி நான் தென்காசிக்கு வந்த புதிது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் சிற்றருவியில் தலையைக் கொடுத்து ஓவென்று கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் எட்டத்தில் ஒரு பாறைமேல் ஓலைக்குடை பிடித்தபடி எங்கள் மாற்றுச் சேலைகளுக்குக் காவல் இருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எனக்கு வலிப்பு உண்டு மதினி. தண்ணிகிட்டயும் விடமாட்டாக, தீகிட்டயும் விடமாட்டாக. நான் இந்த வீட்டு மகாராணில்லா!" என்று சிரித்தாள். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு வரவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. வாய் ஓயாமல் பேசுவாள். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று கண் செருகும், கை கால் வெட்டி இழுக்கும். யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை போகாத கோயிலில்லை, கட்டாத தாயத்தில்லை. பைத்தியம் பிடித்தவர்களைக்கூட எங்கிருந்தெல்லாமோ கூட்டிவந்து அருவியில் நிறுத்துகிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட தண்ணீர் இவளுக்கு மட்டும் எமன். "ஊரெல்லாம் ரயிலேறி வந்து குளிச்சிட்டுப் போவுது. பக்கத்துலயே கிடக்கேன், என் தலையில ஒரு நாள் விழுந்தா என்னவாம்?" என்பாள். கல்யாணம், நகை என்று அவள் எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்குத்தான் ஏங்கினாள்.

யுத்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். பருத்த உடம்பு, வெண்கலக் குரல். அவரிடம் நாத்தனாரை நான்தான் அழைத்துப் போனேன். பேயுமில்லை, பாவமுமில்லை, மூளையில் வருகிற ஒரு கோளாறு என்று சொல்லி, சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். பினோபார்பிட்டோன் என்று பெயர். அது என் வாயில் நுழையவே பல நாளாயிற்று. ஆரம்பத்தில் நாத்தனார் தூங்கு மூஞ்சியாகிவிட்டாள். வாயில் வைத்த இட்லியோடு கண்ணயர்ந்து, விழித்ததும் விட்ட இடத்திலிருந்து மெல்லுவாள். நாங்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். போகப் போகத் தூக்கம் தெளிந்தது. வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த மருந்தெல்லாம் பத்தியம் இருந்து ஒரு மண்டலம் சாப்பிடுவது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் அவராகவே விலக்கிவைத்தார். மண்டலம் முடிந்த அன்று பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டு, கருவாட்டுக் குழம்பு வைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான். சில நாள் கழித்து முற்றத்தில் விழுந்தாள் பாருங்கள், அதுவரை வந்த வலிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நின்று நின்று திரும்பத் திரும்ப வந்தது. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனோம். வழி நெடுக அத்தை மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவள் பிழைப்பாள் என்று எங்கள் இருவருக்குமே நம்பிக்கையில்லை.

டாக்டர் ஊசி போட்டு, அவள் மூச்சு சீரானபிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேன்லா?" என்றார். மாத்திரை கொடுத்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார்தான்; நான்தான் மறந்திருந்தேன். அத்தை மண்டலக் கணக்கைச் சொல்லி அழுதார். டாக்டரின் குரல் தணிந்தது. "ஆச்சி, சோத்துக்கு மண்டலக் கணக்கு உண்டா? நாப்பத்தெட்டு நாள் தின்னாச்சு, இனிமே பசிக்காதுன்னு உலையை இறக்கிருவீயளா? இதும் அப்படித்தான். தினம் வேணும்."

அதற்கு மேல் அத்தைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலை போட்டால் உப்பு வைக்கிற மூலையில் மாத்திரை வந்துவிடும். அதை விழுங்கினால்தான் சோறு. கத்தரிக்காயும் கருவாடும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. நல்ல நாள், கெட்ட நாள், அமாவாசை, விரதம் எதற்கும் மாத்திரை நிற்கவில்லை. அருவியைப் பற்றி நாத்தனார் நச்சரித்ததில், "ஒரு வருஷம் வலிப்பு வராம இருக்கட்டும். அப்புறம் சிற்றருவியில, ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டா நிக்கலாம்" என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டால்கூட எல்லாரும் எழுந்து ஓடுவோம். பூனையாக இருக்கும்.

இன்றைக்கு வலிப்புக்கு எத்தனையோ மாத்திரை வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த ஒரு வருஷம் வலிப்பில்லாமல் கழிந்து வந்த சாரலில் நானும் என் கொழுந்தன் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நாத்தனாரை அருவிக்குள் கூட்டிப் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. முதல் தண்ணீர் உச்சந்தலையில் அறைந்ததும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற பெண்கள் விலகி இடம் விட்டார்கள். சிரித்தாள், அழுதாள், தண்ணீரைக் குடித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்கு விரல் விறைத்துவிட்டது. அவள் வருவதாயில்லை.

கரையில் நின்ற அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஏட்டி, போதும் வெளிய வா! சளி பிடிச்சிரும்!"

பெற்ற மகளுக்குச் சளி பிடிக்குமே என்று அத்தை கவலைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தண்ணீரை விலக்கி முகத்தை வெளியே நீட்டி, மலை எதிரொலிக்கக் கத்தினாள்:

"சளிதானம்மா, பிடிக்கட்டும்!"