மெஷின் பல்லை மூடிய ஆட்டுத்தோல்

போன செவ்வாய்க்கிழமை தையல் மெஷின் கம்பெனி ஏஜெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். எண்ணெய் விடுவார், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார், காபி குடிப்பார், புது மாடலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார், போய்விடுவார். சாதுவான மனுஷர்.

இந்தத் தடவை மெஷின் மூடியைத் தூக்கினவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது?”

ஊசியைச் சுற்றி ஒரு குட்டி ஸ்பிரிங். நூல்கண்டு சொருகும் கம்பியில் மோதிரம் மோதிரமாய்க் கறுப்பு ரப்பர். மேடை முழுக்க வெள்ளைப் பவுடர். துணியை இழுக்கும் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆட்டுத்தோல் துண்டு, வஜ்ரப் பசை போட்டு ஒட்டினது. துணியை அழுத்திப் பிடிக்கும் கால்? அதைக் காணவே காணோம். அது என் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

“பல்லை மூடி வச்சிருக்கீங்க, காலைக் கழட்டி வச்சிருக்கீங்க... இது மெஷினாம்மா, இல்ல ஆஸ்பத்திரி கேஸா?”

ஆஸ்பத்திரி கேஸ்தான். ஆனால் கேஸ் மெஷின் இல்லை. என் தங்கை கமலா.

“எல்லாத்தையும் கழட்டிடுங்க. அடுத்த மாசம் வந்து பாப்பேன். அப்பவும் இப்டியே இருந்தா கம்பெனி பொறுப்பு இல்ல, சொல்லிட்டேன்” என்று கிளம்பிவிட்டார். காபியைக் கூடப் பாதியில் வைத்துவிட்டார் என்றால் கோபத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் கொள்ளை சந்தோஷம். ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் சட்டையெல்லாம் தெருமுனை டைலரிடம்தான் போகிறது. வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு! இந்த அலங்காரத்தோடு சட்டையா தைக்க முடியும்? “ஏஜெண்டே சொல்லிட்டாரு, கழட்டிடேன்” என்று சீண்டினார். நான் கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை என்பதுதான் என் பத்தியில் இந்த வாரக் கதை.

போன வருஷம் ஐப்பசி. பள்ளிகொண்டாவில் வாழ்க்கைப்பட்ட கமலா, தீபாவளிக்கு ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு இருமலும் வந்தது. ஒருநாள் காலையில் முந்தானையால் வாயைத் துடைத்தவள், அதை மடித்து மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு.

வேலூர் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் க்ஷயரோக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஒரு வாரத்தில் கட்டில் காலியாகிறது, விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றார்.

அங்கே என்ன வைத்தியம் தெரியுமா? காற்று! ஒரு பக்கம் சுவரே இல்லாத வராந்தாவில் இராப்பகலாகக் கட்டிலில் கிடக்க வேண்டும். மலைக்காற்றும் பனியும்தான் மருந்து. எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு அது. ஆம்பூர் மார்கழிக்கே இரண்டு புடவை போர்த்திக்கொள்கிற பெண் கமலா.

கம்பளி கொடுத்தனுப்பலாமே என்கிறீர்களா? வாரா வாரம் படுக்கைத் துணியெல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போய் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். கம்பளியைக் கொதிக்க வைத்தால் அப்புறம் அது பொம்மைக்குத்தான் போர்த்த ஆகும்.

“அக்கா, நோவு என்னைக் கொல்லாது. குளிருதான் கொல்லப்போவுது” என்றாள் கமலா, சிரித்துக்கொண்டே. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

பக்கத்து வீட்டு ஜுபேதா அக்காதான் வழி சொன்னார்.

“பஞ்சு வச்சு ரஜாய்ப் போர்வை தெச்சுக் குடு. ஆனா அங்கொண்ணு இங்கொண்ணு முடிச்சு போட்டா ஆவாது. கொதிக்கற தண்ணில போட்டா பஞ்செல்லாம் ஒரே மூலைல போய்க் குந்திக்கும். இண்டு இடுக்கு வுடாம நெருக்கித் தெக்கணும்.”

கையால் தைத்தால் ஒரு மாதம். நமக்கோ ஒரு வாரம். மெஷின் இருக்கக் கவலை என்ன என்று உட்கார்ந்தேன். என் பழைய மஞ்சள் சுங்குடிப் புடவையை மேலும் கீழும் போட்டு, நடுவில் பஞ்சைப் பரப்பி, மிதித்தேன்.

அடி துணி பறந்தது. மேல் துணி நகர மாட்டேன் என்றது. ஒரு முழம் தைப்பதற்குள் கிழவன் நெற்றி போல அத்தனை சுருக்கம்!

கோளாறு மெஷினின் பற்களில். அவை துணியை ஒரே திசையில்தான் இழுக்கும். பற்களை மூடி, காலைக் கழற்றிவிட்டால், துணியை நம் கையாலேயே இப்படியும் அப்படியும் ஓட்டலாம். பற்களை மூடக் கம்பெனியே ஒரு தகடு விற்கிறது. ஆனால் அது மதராஸிலிருந்து வர வேண்டும். கமலாவின் கட்டில் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே, ஊரே மெக்கானிக் ஆனது.

ஜுபேதா அக்காவின் வீட்டுக்காரர் காதர் பாய் தோல் மண்டியில் ரகம் பிரிக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் மெல்லிய ஆட்டுத்தோலில் உள்ளங்கை அகலம் வெட்டி, ஊசி இறங்க நடுவில் துளை போட்டு, அவரே வந்து பசை தடவி ஒட்டிக் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர், வெடித்துப்போன டியூபை வளையம் வளையமாய் நறுக்கிக் கொடுத்தார். விரல்களில் மாட்டிக்கொண்டால் துணி வழுக்காமல் பிடி கிடைக்கும். கூடவே ஒரு பொட்டலம் பிரெஞ்சு சாக். டியூபுக்குப் போடுகிற அதே பவுடர்தான். மேடையில் தூவினால் ரஜாய் சொன்னபடி நகரும் என்றார்.

ஸ்பிரிங் யாருடையது? எங்கள் வீட்டுக்காரருடையது. கால் இல்லாததால் ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பி, தையல் விட்டு விட்டு விழுந்தது. துணியை அழுத்த ஏதாவது வேண்டும். அவர் பேசாமல் போய்த் தன் சிகரெட் லைட்டரை எடுத்துவந்து, குறடால் பிரித்து, உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை ஊசியில் மாட்டினார்.

“லைட்டர்?”

“இருமறவ இருக்கற வூட்ல அது இன்னாத்துக்கு?”

அன்றைக்கு விட்ட சிகரெட்டை இன்றுவரை அவர் தொடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியும் நடக்காதது. அந்த ஸ்பிரிங்குக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ரஜாயின் கனம் ஊசியைப் பிடித்து இழுக்காமல் இருக்க மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேடை வேண்டியிருந்தது. கமலா ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியையே தூக்கி ஸ்டூல் மேல் வைத்தோம். அளவு கச்சிதம்!

இத்தனையும் ஆயிற்றா? தைத்தேனா? அதுதான் இல்லை.

துணி ஓடவே இல்லை. பவுடர் போட்டும் ஓடவில்லை. நடுவில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், திடீரென்று குதிக்கும், நூல் அறும். காலைக் கழற்றினாலும் அதன் கம்பியை இறக்கி வைக்க வேண்டும் என்பதை மறந்து, அடியில் நூல் பந்து பந்தாய்ச் சுருண்டதெல்லாம் தனிக் கதை. அதைச் சரிசெய்த பிறகும் அறுந்தது. நூலைத் திட்டினேன், ஊசியைத் திட்டினேன், மெஷினைக் கண்டுபிடித்தவனையும் அவன் வம்சத்தையும் திட்டினேன். வாரத்தில் பாதி போய்விட்டது. ரஜாயில் ஒரு மூலை கூட முடியவில்லை.

கமலா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு டாக்டர் உத்தரவு. ஒரு மத்தியானம், உத்தரவை மீறி எழுந்து வந்தாள். பசை காய்ந்திருந்த தோலை நகத்தால் கிளப்பினாள்.

“அக்கா, தடவிப் பாரு. மேல சொரசொரன்னு கீது. அடில பாரு, கண்ணாடி! காதர் பாய் திருப்பிப் போட்டு ஒட்டிட்டாரு.”

காதர் பாயைக் கூப்பிட்டோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யோ, கை பழக்கம்மா! தோலோட நல்ல பக்கத்த மேல வச்சா கீறல் வுழுமே, ரகம் கொறஞ்சிடுமேன்னு...”

சிரிக்கவா அழவா? ஆயுசு முழுக்கத் தோலின் பளபளப்பைக் காப்பாற்றியே பழகிய மனுஷர். மெஷினில் ஒட்டுகிற துண்டுக்கும் கீறல் விழக் கூடாது என்று, நல்ல பக்கத்தைக் கீழே மறைத்துப் பாதுகாத்திருக்கிறார்! வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? எங்கள் ஊரில்தான் நடக்கும்.

திருப்பிப் போட்டு, இந்த முறை வஜ்ரத்தால் அசையாமல் ஒட்டினார். துணி வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. ஜுபேதா அக்கா “மாஷா அல்லா!” என்று கன்னத்தில் கை வைத்தார். நான் சைக்கிள் டியூப் மோதிரங்களோடு அவரைக் கட்டிக்கொண்டேன்.

அப்புறமும் ஒரு சிக்கல். கோலம் போடும்போது கை நகரும், தரை நிற்கும். இங்கே ஊசி நிற்கிறது, தரை நகர்கிறது! தாமரை போட்டேன், தவளை வந்தது.

“பூவெல்லாம் இன்னாத்துக்குக்கா? சும்மா கிறுக்கு. வாரா வாரம் பத்திரிகைல அதானே பண்ற?” என்றாள் கமலா. அந்த உடம்பிலும் வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!

கிறுக்கினேன். வளைந்து, சுழன்று, கோடு கோட்டைத் தாண்டாமல், எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து, ஒரு விரற்கடை கூட இடம் விடாமல் கிறுக்கினேன். டிரங்குப் பெட்டி ரயிலேறின அன்று காலையில்தான் கடைசி நூலை அறுத்தேன். பெட்டியின் மேல் ரஜாய் போனது.

கமலாவை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து மெஷினைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். தோலைப் பெயர்க்கக் கத்தியை எடுத்தேன். கை வரவில்லை. கமலா நகத்தால் கிளப்பின இடம் விளிம்பில் லேசாக மடங்கி இருந்தது. இதைக் கழற்றினால்... அவளுக்கு ஏதாவது... சொல்லவே பயமாக இருந்தது. அவள் திரும்பி வருகிறவரை இது இங்கேயே இருக்கட்டும் என்று மூடியைப் போட்டுவிட்டேன். ஊர் உலகம் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்ளும். நான் தையல் மெஷினுக்கு ஆட்டுத்தோலில் வேண்டிக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா, ஏஜெண்டும் எங்கள் வீட்டுக்காரரும் சொல்லியும் நான் ஏன் கழற்றவில்லை என்று?

ஞாயிற்றுக்கிழமை கமலாவைப் பார்க்கப் போனோம். தொலைவு, அடிக்கடி போக முடிகிறதில்லை. ஒரு மாதமாகச் சேதியும் இல்லை.

வராந்தாவின் கோடியில் அவள் கட்டில். தூரத்திலிருந்தே என் மஞ்சள் சுங்குடி தெரிந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து அடிமேல் அடி வைத்துப் போனேன். கிட்டே போய்ப் பார்த்தால், ரஜாய்க்குள் இருந்தது கமலா இல்லை.

கன்னம் ஒட்டிப்போன ஒரு சின்னப் பெண். கமலாவின் கட்டிலில். கமலாவின் ரஜாய்க்குள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் எப்படியெல்லாம் காலியாகும் என்று எனக்குத் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா எங்களைப் பார்த்து நடந்து வந்தாள். அவள் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

“இன்னாக்கா, யாரத் தேடற?”

பின்னாலிருந்து குரல். திரும்பினேன்.

கையில் பூவாளி. புடவையை இழுத்துச் சொருகியிருந்தாள். கன்னத்தில் சதை! பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாளாம் மகாராணி.

“நடக்கறவங்க வார்டுக்கு மாத்திட்டாங்கக்கா. சித்திரைல வூட்டுக்குப் போலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. நேர்ல சொல்லலாம்னுதான் லெட்டர் போடல.”

அடித்தேன். ஆமாம், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் தோளில் ஒன்று வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். “பாவி, ரஜாயை ஏண்டி குடுத்தே?” என்றேன்.

“நான்தான் வூட்டுக்கு வரப்போறேனே? இந்தப் பொண்ணு வந்தன்னிக்குக் குளிர்ல பல்லு தந்தியடிச்சுது, பாவமா இருந்துச்சு. வெந்நீர்ல போட்டு எடுத்துத்தான் குடுத்தேன்.”

ரஜாயைத் தடவிப் பார்த்தேன். எத்தனை வாரம் வெந்திருக்கும்! சுங்குடிப் புள்ளி ஒன்று கூட மிச்சமில்லை, மஞ்சள் மோராய் வெளுத்திருந்தது. ஆனால் பஞ்சு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கிறுக்கல் ஒன்று கூட அறவில்லை. காதர் பாய்க்கும், சைக்கிள் கடைக்காரருக்கும், ஜுபேதா அக்காவுக்கும், சிகரெட்டை விட்ட மனுஷருக்கும் அந்த வராந்தாவில் நின்று மனசார நன்றி சொன்னேன். இந்தப் பத்தியிலும் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ரயிலில் எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “இப்பவாவது அந்தத் தோலக் கழட்டலாமில்ல? வேண்டுதல்தான் முடிஞ்சிடுச்சே.”

திடுக்கிட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இல்லாங்காட்டி டைலர் தெச்ச கோணல் சட்டைய இத்தினி நாள் போட்டுக்கினு திரிவனா?”

கோணலாய் நின்ற அவர் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினேன். ஆனாலும் அவருக்கு நான் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருந்தது. கிளம்பும்போது கமலா என் காதோடு சொன்னது: “அக்கா, இந்த வரிசைல இன்னும் ஆறு பேருக்கு ரஜாய் இல்ல.”

ஏஜெண்ட் அவர்களே, அடுத்த மாதம் அவசியம் வாருங்கள், முழு காபி குடியுங்கள். தோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும் — வேண்டுதல் முடிந்துவிட்டது, வராந்தா முடியவில்லை!