ஆட்டுக்கு வராத வண்டி

புயலுக்கு முன்பே, அரபுக் கடற்கரை ஊரான சலாலாவில், பிழைக்க வந்த எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். போர்வை, சோறு, ஒரு குறையும் இல்லை. ஆடு மேய்க்கும் அரபு மலைக்காரர் ஒருவர் மட்டும் உட்காரவே இல்லை. மருதாணித் தாடி. தடியைத் தோளில் குறுக்கே வைத்து, வாசலிலேயே நின்றார். கடைத்தெருவில் பழகிய மலையாளம் பேசினார்.

"அம்மே, யல்லா யல்லா, வேகம் வேகம்னு என்னை வண்டியில ஏத்தியாச்சு. ஆட்டுக்கு வண்டி மாஃபி, இல்ல. ஓடைக்கரையில ஆட்டுப்பட்டி பூட்டிக் கிடக்கு."

"உசுரு இருந்தா வேற ஆடு வாங்கிக்கலாம். உக்காருய்யா" என்றேன்.

"நிங்ஙள் பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு இவிடெ உக்காருமோ?"

மழையில் இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளம் வடிந்ததும் ஓடைப் பக்கமிருந்து ஆடுகள் மட்டும் ரோட்டுக்கு வந்து நின்றன. யாருடையவை என்று போலீஸ்காரர் கேட்டார். எனக்குத் தெரியும். அவர் பேர்தான் தெரியாது.