மரத்துக்கு ஏது பால்

மெர்போக்கில் இருக்கும் எங்கள் சின்ன ரப்பர் தோட்டத்தில் விடியும்போதே பட்டையைக் கீறி மரம் வெட்டி முடித்துவிடுவேன். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறைய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். சிறையில் இருக்கும் தம்பிக்கு அந்த நேரத்தில்தான் கடிதம் எழுதுவேன். பனி இறங்கியிருக்கும், நாலு மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. பால் சொட்டும் சத்தம் மட்டும் சுற்றிலும் கேட்கும். எழுத எழுத, அவனும் அந்தப் பனிக்குள் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

அவன் உள்ளே போனதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். "நீயும் விட்டுட்டா நான் அவ்வளவுதான்க்கா" என்றான் ஒருமுறை. எனக்கு வாய் நீளம், நன்றாகத் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரமும் எழுதாமல் இருந்ததில்லை.

வார்டர் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார் என்பதால் மலாயில் எழுத வேண்டும். என்னுடையது பசார் மலாய், மீன் வாங்கப் போதும். மனதில் தமிழில் ஓடுவதை அப்படியே மாற்றிப் போடுவேன். மூன்றாம் வரிசை மரங்கள் நிறையப் பால் கொடுக்கின்றன, நேற்று மழையில் பால் கெட்டுப்போய்விட்டது, இப்படித்தான் இருக்கும். பாலுக்கு மலாயில் சூசு. அதையே எழுதினேன்.

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பார்க்கும் நாள் வந்ததும், வேலை முடிந்த கையோடு சட்டைகூட மாற்றாமல் பஸ் ஏறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தான். இளைத்திருந்தான்.

"நீயும் என்னைய விட்டுட்டியாக்கா?"

வாராவாரம் எழுதுகிறேனே என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு வந்த வார்டர், விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் என் கடிதங்களை எடுத்துவந்தார்.

"காக், போக்கோக் மானா அடா சூசு?"

மரத்துக்கு ஏது பால் என்று கேட்கிறார். ஏதோ ரகசியப் பேச்சு என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் புதிதாக வந்தவர், பெண்டாங் நெல் வயல்காட்டு ஆளாம். தோட்டத்துக்காரர்களான எங்களுக்குப் பால் என்றாலே ரப்பர் பால்தான். காப்பியில் ஊற்றுவதைத்தான் டின் பால் என்று பிரித்துச் சொல்வோம். இதை எந்த மலாயில் விளக்குவது? சட்டைக் கையில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து அவரிடம் நீட்டினேன். இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கடிதங்களைத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டில் இருந்த காலத்தில், நான் வேலை முடிந்து வந்தாலே இவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். "கிட்ட வராதக்கா, நாறுதுலா" என்பான். அதற்காகவே எத்தனை தடவை துரத்தித் துரத்தி அடித்திருக்கிறேன்.

இப்போது அந்தச் சட்டைக் கையைக் கண்ணாடியில் வைத்தேன். அதைத் தாண்டிக் காற்றுகூடப் போகாது. அவன் அங்கே மூக்கை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாறுதுக்கா," என்றான். "கைய எடுத்துடாத."